பந்தலுக்கு விட்ட ரெண்டு வாழை

வாங்க்கா, வாங்க. இப்படி ஃபேனுக்கு நேரா உக்காருங்க. வெல்லக் கச்சாயம் சுட்டிருக்கறேன், எடுத்துக்கோங்க. ஒண்ணே போதுமா? அதெப்படிங்க, எங்கூட்டுக்கு வந்துபோட்டு ஒண்ணோட எந்திரிச்சா நல்லாவா இருக்கும்? இன்னொண்ணு வெக்கறேன். வேண்டாம்னு சொல்லப்படாது. சாப்பிட்டுட்டே கேளுங்க.

மோகனா வந்துருவா. தோட்டத்துலதான் இருக்கறா, ஆள் போயிருக்குது கூப்புட. நீங்க எதுக்கு வந்திருக்கறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. மாப்பளைக்குப் பெரியம்மா, காங்கேயத்துல இருந்து தனியா பஸ் ஏறி வர்றீங்கன்னா சும்மாவா? "அந்தப் புள்ளைக்கு ஒருக்கா நிச்சயமாகி நின்னு போச்சாம், என்ன சங்கதின்னு பாத்துட்டு வா"ன்னு தாட்டி விட்டிருப்பாங்க. தப்பே இல்லீங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அடுத்தவங்க வாயில கேக்கறதுக்கு எங்கிட்டயே கேட்டுக்கோங்க. ஒளிவுமறைவில்லாம சொல்லிப்போடறேன். கேட்டுப்போட்டு, எம்புள்ள மேல ஒரு குத்தம் இருக்குதான்னு நீங்களே சொல்லுங்க. இந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போச்சுன்னா அவ பேரு கெட்டே போயிருமுங்க. எனக்கு ராத்திரி கண்ணு மூடினா அந்த நெனப்புத்தான்.

நிச்சயம் பண்ணுனது வேற யாருக்குமில்ல, எங்கூடப் பொறந்த அண்ணன் சென்னியப்பன் மகனுக்கு. விசாகன்னு பேரு. அதோ, அந்தத் தென்னைக்கு அக்கட்டால தெரியுது பாருங்க, அது எங்கண்ணன் தோட்டம். இக்கட்டால இருக்கறது என்னுது. எங்கப்பாரு பாகம் வெச்சுக் குடுத்தது. கெணறு ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் பொது. எங்கூட்டுக்காரரு லாரிக்குப் போயிட்டாரு, மாசத்துக்கு ஒருக்கா வந்தா உண்டு. பண்ணயம் முச்சூடும் நாந்தான். அண்ணன் இருக்கற தைரியத்துலதான் பண்ணுனேன், இல்லைங்கல. சொட்டுநீர் டியூப்பு போட்டுக் குடுத்ததும் அவரேதான். உரத்தொட்டி மட்டும் ஆளுக்கொண்ணு. தண்ணியில உரத்தைக் கரைச்சு விட்டா அதுவே டியூப்பு வழியா மரத்துக்கு மரம் போயிருமுங்க. நோவு இல்லாத வேலை.

எங்க பக்கம் கல்யாணத்துக்கு மண்டபத்து வாசல்ல வாழை கட்டுவோமில்லீங்களா? உங்க பக்கமும் அதேதானே. குலையோட, பூவோட, ரெண்டு பக்கமும் ரெண்டு மரம். உள்ள வர்ற சனம் மொதல்ல பாக்கறது அதைத்தான். பொண்ணு வீட்டு மரம் எப்படின்னு பாப்பாங்க. வாழையே வெக்காதவங்க சந்தையில வாங்கிக் கட்டிக்கலாம். வாழைத் தோட்டக்காரி நான், எம்புள்ள கல்யாணத்துக்கு என்ற தோட்டத்து மரம் நிக்கோணுமா வேண்டாமா?

இதை நான் வாயத் தொறந்து சொல்றதுக்கு முன்னால எங்கண்ணன் வந்து சொல்றாரு, "தொளசி, உன்ற கதலி இந்த வருசம் சித்த மெலிஞ்சாப்புல இருக்குது. நம்ம தோட்டத்துலயே நல்லதா ரெண்டு மரம் விட்டு வெக்கறேன், பந்தலுக்கு ஆகும்"னு. சிரிச்சிட்டேதான் சொன்னாரு. நானும் சிரிச்சிட்டேதான் கேட்டேன். ஆனா எனக்கு இங்க சுருக்குனு ஆயிப்போச்சுங்க. மெலிஞ்சா போச்சு? யாரு மரம் மெலிஞ்சு போச்சு? மாப்பளை வீட்டு மரத்தைக் கட்டித்தான் எம்பொண்ணைக் குடுக்கோணுமா? நங்கையா, அதான் அண்ணன் சம்சாரம், அவ காதுல இது உழுந்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டமாட்டாளா?

அன்னைக்கே முடிவு பண்ணுனேன். வடக்கோரத்துல ரெண்டு மரத்தைப் பாத்து, கழுத்துல மஞ்சத்துணி கட்டி, இது பந்தலுக்குன்னு சொல்லி விட்டேன். உரத்துலயும் கையைச் சுருக்கல. குலை எடை கட்டறதுக்கு வெள்ளைப் பொட்டாசுதானுங்க. எல்லாரும் விடறதைக் காட்டியும் எச்சா விட்டேன். அப்பறம் அதுலயும் எச்சா. தொட்டியில கரைக்கறதும் போதாதுன்னு அந்த ரெண்டு மரத்துக்கு மட்டும் தூர்ல கையாலயே அள்ளி வெச்சேன். எனக்கு எதையும் அளந்து குடுக்கற பழக்கமில்லீங்க. கச்சாயத்தைப் பாருங்க, அப்படியே இருக்குது. எடுங்க.

எம்புட்டுப் போட்டும் மரம் பச்சை கட்டலீங்க. அடியிலை நடுவுல மஞ்சக் கட்டுச்சு. ஓரம் பச்சை, நடு நரம்பு பச்சை, ரெண்டுக்கும் எடையில மட்டும் பழுத்த எலுமிச்சங்காயாட்ட மஞ்ச. பசிதான்னு நெனைச்சு இன்னும் விட்டேன். இன்னும் எச்சா மஞ்சக் கட்டுச்சு. வரப்புக்கு அக்கட்டால பாத்தா அண்ணன் மரம் கருகருன்னு நிக்குது. ஒரே கெணத்துத் தண்ணி, ஒரே மண்ணு, ஒரே கன்னு. எனக்கு வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்?

வெவசாய ஆபீசுல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. விசாகன்தான் கூட்டிட்டு வந்தான், அதையும் கவனிச்சுக்கோங்க. மோகனா வயசுதான் இருக்கும் அதுக்கு. மரத்துத் தூர்ல தோண்டி ஒரு வேரை எடுத்துக் கையில வெச்சுக் காட்டுச்சு. நுனியெல்லாம் கருத்துக் கெடக்குது, வெள்ளை வேரே காணம். "பாரு கண்ணு, பசியில காஞ்சு கெடக்குது"ங்கறேன் நானு. அது சொல்லுது, "இல்லீங்கம்மா, இது பசி இல்ல, எச்சாப் போட்டதுல வெந்து போன வேருங்க"ன்னு.

அப்பறம் ஒரு கதை சொல்லுச்சுங்க. வேர்ல கண்ணுக்குத் தெரியாத வாசல் நெறைய இருக்குதாம். எந்தச் சத்து எவ்வளவு உள்ள வரோணும்னு மரமே பாத்துத் தொறக்குமாம், பாத்துச் சாத்துமாம். ஒரு சத்து போதும்னு ஆயிட்டா மேல இருந்து வேருக்குச் சேதி போகுமாம், வேரும் அந்தச் சத்துக்கு வாசலைச் சுருக்கிக்குமாம். நான் பொட்டாசைக் கொண்டாந்து குமிச்சதுல, அது வாசல் முச்சூடும் அடைச்சிட்டு நிக்குதாம். மெக்னீசியம்னு இன்னொரு சத்து இருக்குதாமா, இலை பச்சையா இருக்க அதுதான் வேணுமாம், அது உள்ள போக வழியில்லாம மண்ணுலயே நின்னு போகுதாம். "மண்ணுல இருக்குதுங்கம்மா, மரத்துக்குத்தான் கெடைக்கல. பொட்டாசை நிறுத்திப்போட்டு மெக்னீசியத்தைக் குடுங்க, புது இலை பச்சையா வரும்"ங்குது.

நான் கேட்டேன், "ஏங்கண்ணு, மரம் என்ன ரேசன்கடையா, கூட்டம் எச்சாப் போச்சுன்னு கதவைச் சாத்தறதுக்கு?"ன்னு. மோகனா களுக்குனு சிரிச்சிட்டா. ஆனா எதுக்குச் சிரிச்சான்னு எனக்குத் தெரியலீங்க, என்ற பேச்சுக்கா, என்னைப் பாத்துச் சிரிச்சாளான்னு.

நான் புள்ளை வளத்தவ. மோகனா சின்னதுல சோறே உண்ணமாட்டா. போதும் போதும்னு வாயை இறுக்கிக்குவா. நான் விட்டனா? மூக்கைப் பிடிச்சா வாய் தானாத் தொறக்கும், ஒரு உருண்டையை உள்ள தள்ளிப்போடுவேன். அப்படி ஊட்டி வளத்ததுதான் இன்னைக்கு இப்படி லட்சணமா நிக்குது. போதும்னு சொல்ற வாயை நம்பப்படாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அந்த ஆபீசர் பொண்ணுக்குத் தெரியுமா? அதைத் தாட்டி விட்டுப்போட்டு இன்னொரு மூட்டையைப் பிரிச்சேன்.

இதுக்கப்பறம்தானுங்க வந்துச்சு வெனை. மட்டையில ஊதா ஊதாவா புள்ளி விழுந்துச்சு. பூச்சியில்ல, புழுவில்ல, ஊதாப் புள்ளி. அண்ணன் தோட்டத்துல ஒரு மரத்துலயும் அது இல்ல. எனக்கு அப்பவே யாரோ என்னமோ ஊத்தறாங்கன்னு தோணிப்போச்சு. யாரு ஊத்துவா? என்ற மரம் தேறக்கூடாதுன்னு நெனைக்கறது யாரு? அவங்க மரந்தான் பந்தல்ல நிக்கோணும்னு ஆசைப்பட்டது யாரு? நீங்களே சொல்லுங்க. சந்தேகப்படறது பாவந்தான், ஆனா மனசு கேக்கோணுமல்ல.

வெடியால எந்திரிச்சுப் போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால நின்னுக்குவேன். பாத்துட்டே இருப்பேன். ஒரு நாள் வெடியால வந்தானுங்க. விசாகன். கையில ஒரு பை. நேரா வடக்கோரம் போறான். மஞ்சத்துணி கட்டுன மரத்துக்கிட்டயே போறான். குத்தவெச்சு உக்காந்து, தூரைச் சுத்திப் பையில இருந்து அள்ளி அள்ளிப் போடறான். வெள்ளை வெளேர்னு. பொடிக்கல்லாட்ட.

உப்புங்க. உப்பு. மரத்தைச் சாகடிக்கோணும்னா தூர்ல உப்பை வெப்பாங்க, இது குழந்தைக்கும் தெரியுமே. கல்யாணத்துக்கு விட்ட மரத்துக்கு, மாப்பளையாகப் போறவனே வந்து உப்பு வெக்கறான்.

நான் போட்ட சத்தத்துல எங்கண்ணன் வீட்டுச் சனம் முச்சூடும் ஓடி வந்துருச்சு. மோகனா ஓடி வந்தா. அவன் எந்திரிச்சு நின்னு, "அத்தை, இது உப்பில்லீங்க. அந்த மேடம் சொன்ன மெக்னீசியம். உங்ககிட்டச் சொன்னா போட விடமாட்டீங்கன்னுதான் சொல்லாமப் போட்டேன். பந்தலுக்கு உங்க மரந்தான் நிக்கோணும்னு மோகனா ஆசைப்படறா"ங்கறான். எப்படிப் பேசறான் பாருங்க! பழியைத் தூக்கி எம்புள்ள மேல போடறான். "வேணும்னா அந்த மேடத்தையே இப்பக் கூட்டிட்டு வர்றேன், கேளுங்க"ன்னான். நான் எதுக்குக் கேக்கோணும்? அவன் கூட்டிட்டு வர்ற ஆளு அவன் சொல்றதைத்தானே சொல்லும். எனக்குக் கண்ணு இருக்குது, நான் பாத்தேன், வெள்ளையா இருந்துச்சு.

மாரியம்மன் கோயிலுக்கு முன்னால நாலு பெரியவங்களைக் கூட்டி நிச்சயச் சேலையைத் தட்டோட திருப்பி வெச்சேன். எங்கண்ணன் முன்னால வந்தாரு. நின்னாரு, தோள்ல கெடந்த துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சாரு, தட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தாக் கூட எனக்கு இத்தனை ஆத்தாமை இருந்திருக்காது. சின்னதுல பள்ளிக்கோடத்துக்கு என்னைச் சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போனவருங்க அவரு. அன்னைக்கு எனக்கும் சோறு எறங்கலதான். அழுதேன். அழுகலைன்னு பொய் சொல்லமாட்டேன்.

ஆனா சாமின்னு ஒண்ணு இருக்குதுங்க்கா. இதைக் கேளுங்க. அந்த ரெண்டு மரத்துக்கும் அவன் உப்பு வெச்சுட்டானா, நான் அன்னைக்கே கொடங்கொடமாத் தண்ணி ஊத்தி அலசி விட்டேன். தூர்ல விபூதி போட்டு, மாரியம்மனுக்கு வெளக்கு வெச்சு வேண்டிக்கிட்டேன். தோட்டம் முச்சூடும் மஞ்சக் கட்டி நிக்கையில, அந்த ரெண்டும் மட்டும் புது இலை விட்டுச்சு பாருங்க! பச்சைப்பசேல்னு. உப்பு வெச்ச மரம் ரெண்டும் தப்பிச்சுருச்சு, வெக்காத மரமெல்லாம் மஞ்சளாவே கெடக்குது. இதுக்கு என்னங்க சொல்றீங்க? அவ சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவ, மாரியாத்தா.

என்னங்க, என்னமோ கேக்க வந்தீங்க? ஒண்ணுமில்லையா? பஸ்ஸுக்கு நேரமாச்சா? இருங்க, இன்னும் புள்ளையைப் பாக்கவே இல்லையே. உக்காருங்க.

மோகனாவைப் பத்திச் சொல்லோணும். நிச்சயம் நின்ன பொறகு அழுவான்னு பாத்தேன், அழுகல. பேச்சுத்தான் கொறைஞ்சு போச்சு. எது வெச்சாலும் தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுக்குவா. நானும் பூரி போட்டுப் பாத்தேன், பிரியாணி பண்ணிப் பாத்தேன். அவனை அவளுக்குப் பிடிச்சிருந்துச்சான்னு கேக்கறீங்களா? அதெல்லாம் நான் கேட்டதில்லீங்க. மாமன் மகன், பெரியவங்க பேசுனோம், சரின்னா. பெரியவங்க நிறுத்துனோம், அதுக்கும் சரின்னா. எம்புள்ள அப்படி.

இப்ப அவ ரொம்ப மாறிட்டா அக்கா. முன்னால மம்பட்டியைத் தொடமாட்டா. இப்ப வெடியால எந்திரிச்சு வாளியை எடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போயிடறா. ஒவ்வொரு மரமா உக்காந்து என்னமோ பண்ணுறா. உரத்தொட்டியைக் கூட "இனி நான் பாத்துக்கறேன், நீங்க ஏம்மா செரமப்படறீங்க"ன்னு வாங்கிக்கிட்டா. என்ன கட்டுச்செட்டு தெரியுமுங்களா அவளுக்கு? நான் வாங்கி அடுக்குன பொட்டாசு மூட்டை வெச்சது வெச்சபடியே இருக்குது, கொறையவே காணம். மரம் என்னடான்னா வரிசை வரிசையாப் புது இலை விட்டுட்டு வருது. எம்புள்ள கைராசி அது. இப்படி ஒரு கைராசி உங்க வீட்டுக்கு வரப்போகுதுன்னு நெனைச்சுப் பாருங்க.

சரி, வாங்க. அவ வரலைன்னா என்ன, நாமளே போய்ப் பாத்துருவோம். தோட்டத்தையும் பாத்த மாதிரி இருக்கும். பாத்து வாங்க, டியூப்பு காலைத் தடுக்கும். அதோ, இந்த மரத்தைப் பாருங்க. கீழ் இலை மஞ்ச, மேல வந்தது பூராப் பச்சை. நான் சொன்னனல்ல.

அதோ நிக்கறா. மோகனா! கண்ணு, இங்க வா. காங்கேயத்துப் பெரியம்மா வந்திருக்கறாங்க. கையைத் தொடைச்சிட்டுக் கும்பிடு. பெரியம்மா என்னமோ கேக்கறாங்க பாரு, வாளியில என்னன்னு. சொல்லு கண்ணு. மஞ்சத் தண்ணியா? சாம்பலா? வெக்கப்படாம சொல்லு.

என்னது?

என்னடி சொல்றே? இன்னொருக்காச் சொல்லு. அதேதானா? அன்னைக்கு அவன் கொண்டாந்தது அதேதானா? அவந்தான் குடுத்து விடறானா? நீ போய் வாங்கிட்டு வந்து, தெனமும், என்ற தோட்டத்துல, நான் தூங்கி எந்திரிக்கறதுக்கு முன்னால...

அக்கா, இவ வெளையாட்டுக்குச் சொல்றா. இவளுக்குக் கேலி எச்சு. உப்பை வெச்சா மரம் பச்சை கட்டுமாங்க? நீங்களே பாத்தீங்கல்ல, மரம் பச்சையா இருக்குது. அப்ப உப்பு வெக்கலைன்னுதானே அர்த்தம்? அப்ப அது... இருங்க, நீங்க பேசாதீங்க, சித்த இருங்க.

என்ன கையை நீட்டறே? எதுக்கு என் மூஞ்சிக்கு நேரா நீட்டறே? நாக்குல வெச்சுப் பாக்கோணுமா? உப்பா, உப்பில்லையான்னு நானே வெச்சுப் பாக்கோணுமா? கசக்கும்னு சொல்றா அக்கா. கரிக்காதாம், கசக்குமாம். இந்தா, இவளே வாயில போட்டுக்கறா, பாருங்க! துப்புடி! துப்பு கண்ணு, சொன்னாக் கேளு! எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டாம்னு சொல்றேனல்ல, வாய்க்கிட்டக் கொண்டாராதே. நான் தொறக்கமாட்டேன். மாட்டேன்னா மாட்டேன்.

அன்னைக்கே ஒரு கல்லு எடுத்து நாக்குல வெச்சிருந்தா இத்தனை ஆயிருக்காதுங்கறா. பெத்தவளைப் பாத்துப் பேசற பேச்சா இது? வீட்டுக்கு வந்த ஒரம்பரைக்கு முன்னால! அவங்களைப் பாத்துக் கும்பிடறா பாருங்க, அந்த மரியாதை மட்டும் இருக்குது. என்ன சொல்றா உங்ககிட்ட? "தப்பா நெனைச்சுக்காதீங்க பெரியம்மா, எனக்கு அவங்கதான்"னா? விசாகனைத்தான் சொல்றா, கேட்டீங்களா? நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. வெயில்ல நிக்கறா, தலை சுத்தியிருக்கும், வெடியால இருந்து ஒண்ணும் உண்ணல.

மோகனா, எங்க போறே? வாளியை வெச்சுட்டு வீட்டுக்கு நட. வீடு இந்தப் பக்கம்! வரப்புல கால் வெக்காதே. நான் சொல்லிட்டேன், அந்த வரப்பைத் தாண்டாதே.

போகமாட்டா அக்கா. வரப்பு வரைக்கும்தான் போவா. கோவம் அவளுக்கு, வேற ஒண்ணுமில்ல. இப்பத் திரும்பிப் பாப்பா பாருங்க. நீங்க இருங்க, போகாதீங்க, அவ வந்ததும் மூணு பேருமா உக்காந்து உண்டுக்கலாம்.

எங்கண்ணன் வெளியே வந்து நிக்கறாரு. அங்க பாருங்க, இவளைக் கண்டதும் துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைக்கறாரு. தாண்டிட்டா. திரும்பிக் கூடப் பாக்கல அக்கா. ஒருக்கா கூடத் திரும்பல.

நான் என்னங்க கொறை வெச்சேன்? சொல்லுங்க. நீங்க நாலு எடம் பாத்தவங்க, நாயமாச் சொல்லுங்க. கேக்கறதுக்கு முன்னால குடுத்தவ நானு. போதும்னாலும் நிறுத்தாம குடுத்தவ. அவளுக்கு நான் குடுக்காதது ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.